வால்வு மாற்றிய மாப்பிள்ளை

கையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாதவன் நான். பெண் பார்க்கப் போன இடத்திலாவது உட்கார்ந்திருக்கலாம். விதி விடவில்லை.

எழுபதுகளின் கடைசி. ராயகிரியிலிருந்து நானும் சித்தப்பாவும் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினோம். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. "ஏலே, இதுவும் போச்சுன்னா இனி உன்கூட நான் வரமாட்டேன். வாயைத் தொறக்காத, கையை நீட்டாத" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் என் சட்டைப் பாக்கெட்டில் ஒரு வால்வு இருந்தது. பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாயாக நின்று தணல் மாதிரி சிவக்குமே, அதுதான். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த கடையநல்லூர் சிநேகிதன் கொடுத்த ஜெர்மன் சரக்கு. (பெண் பார்க்கப் போகிறவன் பாக்கெட்டில் அது எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் வைத்துவிட்டு வர மனசு வரவில்லை.)

பெண் வீட்டுக் கூடத்தில் பூத்துணி போர்த்திய பெரிய வால்வு ரேடியோ. நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு அதன்மேல் உயிர். "கேளுங்க தம்பி, இந்த டவுனுக்குள்ள இப்படி ஒரு சாரீரம் எந்த ரேடியோவுக்கும் கிடையாது" என்றார்.

தலையாட்டியிருந்தால் கதை முடிந்தது.

"லேசா கரகரங்குதே மாமா" என்றேன். (நிச்சயமாகும் முன்பே மாமா!) "உள்ள அவுட்புட் வால்வு அசந்துபோச்சு. எங்கிட்ட ஜெர்மன் வால்வு இருக்கு. மாத்துனா தேனா ஒழுகும்."

சித்தப்பா என் தொடையைக் கிள்ளினார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். புது வால்வைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, பஞ்சைப் பிரித்துச் சபைக்குக் காட்டிவிட்டு, மறுபடி சுற்றிப் பாக்கெட்டிலேயே போட்டேன். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றி, கொதித்துக்கொண்டிருந்த பழைய வால்வைக் கைக்குட்டையில் சுற்றி உருவினேன். அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டோடு பெண் வந்தாள். பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்தபடியே கையிலிருந்த வால்வைத் துடைத்து, ஊதி, செருகி, பிளக்கையும் மாட்டினேன்.

வால்வு ரேடியோ உடனே பேசாது. சூடேறி வாய் திறக்க அரை நிமிஷமாகும். அந்த அரை நிமிஷத்தில் சித்தப்பா சூடான காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

நாதஸ்வரம் வந்தது.

"ஏ யப்பா!" என்று துள்ளினார் பெண்ணின் அப்பா. "மேளக்காரன் நம்ம கூடத்துல வந்து உக்காந்த மாதிரில்லா இருக்கு!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடித்தொண்டை கனத்திருக்கு, கவனிச்சீங்களா? மேல போகும்போது பிசிறே இல்லை பாருங்க" என்று அளந்தேன். சித்தப்பாகூடக் கண்ணை மூடித் தலையசைத்தார். (அவருக்கு இரண்டு காதும் மந்தம்.)

கதவோரம் நின்ற பெண் மட்டும், "முன்னாடி கேட்டது மாதிரியேதானப்பா கேக்கு" என்றாள்.

"சும்மா கெட ஏட்டி. அதுக்கெல்லாம் காது வேணும்."

கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தேன். பாக்கெட்டிலிருந்து பஞ்சு சுற்றிய ஒரு சாமான் நழுவி உருண்டு, பெண்ணின் அப்பாவின் கால்விரலில் முட்டி நின்றது. எடுத்தார். பஞ்சைப் பிரித்தார். ஜெர்மன் வால்வு. ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ உள்ள இருக்கது?"

"பழ... பழசுதான் மாமா."

கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. ஊர் வரும்வரை சித்தப்பா பேசியது ஒரே ஒரு வார்த்தை: "நாலு."

எட்டு நாள் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. சம்மதமாம்!

காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு அவளே சொன்னாள். "அப்பா வேண்டாம்னுதான் சொன்னாங்க. காரணம் கேக்கவங்ககிட்ட, மேளக்காரன் கூடத்துல வந்து உக்காந்ததையும் சேத்துச் சொல்லுவேன்னேன். பேசாம கடுதாசி எழுதிட்டாங்க."

"உனக்கு என்னை எப்படிப் பிடிச்சுது?"

"உள்ள இருக்கதுதான் புதுசு, இது இன்னொண்ணுன்னு ஒரு பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம்கூட உங்களுக்கு இல்லை. அது போதும்னு தோணிட்டு."

மறுவீடு போனபோது ஜெர்மன் வால்வை நிஜமாகவே மாட்டினேன். நானும் மாமனாரும் ரேடியோவுக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டோம். எப்படி இருக்கிறது என்று இருவருமே வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் காதுக்கு மெஷின் வைத்தேன். "அடேயப்பா, என்ன தெளிவு!" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி நேரே வந்து, என் சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள்.