கற்பிட்டிக் குளிருக்கு ஏற்ற கியர் எண்ணெய்

வாசித்துத் தெரிந்துகொண்டவனுக்கு வருகிற துணிச்சல், செய்து தெரிந்துகொண்டவனுக்கு வரவே வராது. பத்தொன்பது வயதில் எனக்கு அந்தத் துணிச்சல் ஒரு லொறி நிறைய இருந்தது. சும்மா சொல்லவில்லை, எங்களிடம் உண்மையாகவே ஒரு லொறி இருந்தது.

உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் தன் இராணுவ வாகனங்களை ஏலத்தில் விட்ட காலம் அது. (நாட்டை இன்னும் விடவில்லை. லொறியை மட்டும் விட்டான்.) நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற ஒரு பச்சை லொறியை வாப்பா எடுத்தார். மற்ற வாகனங்கள் புதைகிற கற்பிட்டி மணலில் அது ஏறி ஓடியது. கருவாடும் வெங்காயமும் ஏற்றத்தான் வாங்கியது. என் அக்கா, ராத்தாவின் கலியாணம் பேசியதும் அதற்கு ஒரு கௌரவமான வேலை வந்தது.

மாப்பிள்ளை புத்தளத்தார், உப்பளத்துக் கந்தோரில் கிளாக்கர். அவருடைய பெரியவாப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அவ்வளவு விருப்பமில்லை. “முப்பது மைல் மணலுக்குள்ள போயா பொண்ணெடுக்கணும்?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். “மணல் எங்கட பாடு. லொறி உங்கட வாசலுக்கே வரும்” என்று வாப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். லொறி போகாவிட்டால் சம்பந்தமும் போய்விடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ராத்தா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கலியாண நாள் காலை. லொறியின் பின் அச்சுக்கு நடுவே பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். சில்லுகளைச் சுழற்றும் பற்சில்லுகள் அதற்குள் இருக்கின்றன. அதற்கு எண்ணெய் மாற்றவேண்டும் என்று றைவர் மீரான் நானா தகரத்தைத் திறந்தார். எண்ணெய் சர்க்கரைப் பாணிபோலத் தடிப்பாக இருந்தது.

நான் குறுக்கே போனேன். லொறியோடு வந்த இங்கிலீசுப் புத்தகம் என் கையில் இருந்தது. எங்கள் தெருவில் அதை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். (அதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை.) கடுங்குளிர் காலத்தில் அச்சு எண்ணெய் உறைந்துபோகக்கூடும், அப்போது மண்ணெண்ணெய் கலந்து இளக்கவேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. மாதமோ தை. அன்று விடிய உம்மா தலைக்குப் பூசப் போனபோது போத்தலில் தேங்காயெண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? போத்தலைக் கொண்டுவந்து மீரான் நானாவின் மூக்குக்கு நேரே கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டும் விழவில்லை.

“தம்பி, தேங்காயெண்ணெய் வேற, இது வேற. இது தடிச்சிருந்தாத்தான் பற்சில்ல ஒட்டிப் பிடிச்சிக்கொண்டு நிக்கும்” என்றார் அவர்.

“புத்தகத்தில போட்டிருக்கு நானா.”

“புத்தகம் எழுதினவன் கற்பிட்டிக்கு வந்தானா?”

வழக்கு வாப்பாவிடம் போனது. அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், தலைகீழாக. உறைந்த போத்தலையும் பார்த்தார். “புள்ளய இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குச் சும்மாவா அனுப்பினேன்? அவன் சொல்றபடி செய் மீரான்” என்று தீர்ப்புச் சொன்னார். புத்தகம் ஐந்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் போதும் என்றது. உம்மா போர்த்தியிருந்த சால்வையையும் கணக்கில் எடுத்து, நான் மூன்றில் ஒரு பங்கு கலந்தேன்.

புத்தளத்துக்குப் போகும்போது ஒரு குறையுமில்லை. பின்தட்டில் எங்கள் வீட்டுக் கதிரைகளில் நல்லது ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தோம். அங்கே மாப்பிள்ளை கோட்டும் துருக்கித் தொப்பியுமாக அதில் அமர்ந்தார். பெரியவாப்பாவும் இன்னும் ஆறு பேரும் பலகை வாங்கில் உட்கார்ந்தார்கள். நான் பின்தட்டிலேயே நின்று லொறியின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டு வந்தேன்.

பாலாவி தாண்டியதும் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் முனகல், பிறகு ஊளை. “என்ன தம்பி சத்தம்?” என்று பெரியவாப்பா கேட்டார்.

“புது எண்ணெய். பழகுது.”

“மண்ணெண்ணெய் மணக்குதே?”

“குளிருக்குக் கலந்தது” என்றேன்.

அவர் சால்வையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார். “என்னத்துக்கு?” என்று மறுபடி கேட்டார். நடுப்பகல் வெயிலில் அவருக்குக் கடுங்குளிரைப் பற்றி விளக்கினேன். அவ்வளவு விளக்கமாக என் வாழ்நாளில் வேறெதையும் நான் விளக்கியதில்லை.

கற்பிட்டிக்கு ஆறு மைல் இருக்கும்போது ஊளை நின்றது. லொறியும் நின்றது. பின்சில்லுகள் இரண்டும் இறுகிப்போயின. மீரான் நானா அடியில் தவழ்ந்து போய், உருண்டையைத் தொட்டு, கையை உதறிக்கொண்டு வந்தார். இளகிய எண்ணெய் வழியெல்லாம் ஒழுகி, பற்சில்லுகள் காய்ந்து வெந்துவிட்டன. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“தம்பி, அந்தப் புத்தகத்தில இதுக்கு என்ன போட்டிருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கற்பிட்டிப் பக்கமிருந்து கருவாடு ஏற்றிய மாட்டு வண்டில் ஒன்று புத்தளத்துக்குப் போக வந்தது. பெரியவாப்பா கையைக் காட்டி நிறுத்தினார். “இது நல்லதுக்கில்ல. எல்லாரும் ஏறுங்க, ஊருக்குப் போவம்” என்று தானே முதலில் கருவாட்டுச் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்தார். ராத்தா மருதாணிக் கையோடு காத்திருப்பாள். நான் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினேன்.

மாப்பிள்ளை கதிரையிலிருந்து இறங்கினார். அதுவரை அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. சப்பாத்தைக் கழற்றினார். இரண்டையும் நாடாவால் முடிந்து தோளில் போட்டார்.

“பெரியவாப்பா, நீங்க போங்க. நான் கற்பிட்டிக்குப் போறேன்” என்றார்.

“நடந்தா?”

“ஓம், நடந்துதான்.”

நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியவாப்பாவும் முணுமுணுத்துக்கொண்டு சாக்கிலிருந்து இறங்கினார், மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். ஆனால் அவரால் ஒரேயடியாக நடக்க முடியவில்லை. ஆகவே கதிரையை அவிழ்த்து என் தலையில் வைத்தார்கள். அவர் களைக்கும் இடத்தில் எல்லாம் நான் இறக்கிப் போட, அவர் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எனக்குக் குளிர்கிறதா என்று விசாரித்துவிட்டு எழும்புவார். ஆறு மைலுக்குப் பதினேழு தடவை உட்கார்ந்தார்.

பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற வாப்பா, செருப்புக் கூட இல்லாத மாப்பிள்ளையையும் தலையில் கதிரையோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லொறி எங்கடா?”

“பின்னால வருது வாப்பா” என்றேன். (அது வர ஒன்றரை மாதம் ஆனது. நாலு சோடி மாடு இழுத்தது.)

மாப்பிள்ளை கால் கழுவி, கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்கு முன்னமே நிக்காஹ் முடிந்தது. பற்சில்லு மாற்றிய பிறகு மீரான் நானா தடித்த எண்ணெயை ஊற்றினார். அன்றைக்கு என்னைப் பக்கத்துத் தெருவுக்கு ஒரு வேலையாக அனுப்பியிருந்தார்கள்.

இப்போது மச்சானுக்கும் ராத்தாவுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சண்டையும் குறைவில்லாமல் நடக்கிறது. கறியில் உப்புக் கூடினால் மச்சான் பெருமூச்சு விட்டு, “என்னைக் கொண்டாந்து இந்த வீட்டில மாட்டிவிட்டாங்க” என்று தொடங்குவார். ராத்தா அகப்பையைக் கூடக் கீழே வைக்கமாட்டாள்.

“உங்கள யாரு கொண்டாந்த? லொறியா கொண்டாந்த? நீங்களாத்தானே நடந்து வந்தீங்க!”

மச்சான் என்னை முறைத்துப் பார்ப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்பார்.