எதிர்பாராத செலவுக்குத் தேதி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஆபீஸ் சமாச்சாரம், உரக்கப் பேசினா கோப்புல ஏறிடும்.

மலேசியாவில் லிங்கிப் பக்கம், தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிற பஞ்சாலை என்கிறவள், வீட்டு வாசல், கோயில் வளாகம், இடுகாடு என்று எங்கே புல் வளர்ந்தாலும் கூலிக்கு வெட்டுகிறவள். புது மிஷினுக்கு ஓர் ஆபீஸ் கடன் தர ஒத்துக்கொண்டது. பாதி இப்போது, மீதி மார்ச்சில். மீதி வராவிட்டால் கடைக்காரன் மிஷினைத் தூக்கிப் போய்விடுவான்.

கடனுக்கு முன்னால் பாரம், அதான் விண்ணப்பப் படிவம். பன்னிரண்டு மாத வரவு செலவை முன்கூட்டியே எழுத வேண்டும். மழை பெய்தால்தான் புல், தோட்டத்தில் சம்பளம் போட்டால்தான் காசு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதிகாரி வசந்தன் ஒப்பவில்லை. கடைசியில், புல் மாதாமாதம் ஒரே அளவாக வளரும் என்று ஆபீஸ் முறைப்படி ஏற்றுக்கொண்டாள். பிறகு அவர் 'எதிர்பாராத செலவு' என்ற கட்டத்தைத் தட்டினார்.

"இதுக்குத் தேதி போடலியேம்மா."

"தேதி தெரிஞ்சா அது எப்படி சார் எதிர்பாராத செலவாகும்?"

"தேதி இல்லாட்டி கம்ப்யூட்டர் எடுக்காதுலா."

பஞ்சாலை வீட்டுக்குப் போய், நாள்காட்டியில் தன் ராசிக்குச் சந்திராஷ்டமம் எப்போது என்று பார்த்தாள். நாசமாய்ப் போறதுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் ஏது? மார்ச் பதினாலு, மிஷின் பழுது, நூற்றெண்பது வெள்ளி. கம்ப்யூட்டர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டது.

மார்ச் பதினாலு காலையில், மேற்படி பழுதை மேற்பார்வையிட வசந்தன் காரில் வந்து இறங்கினார். மிஷின் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. இது திட்டத்திலிருந்து விலகல், மீதிப் பணத்துக்கு வழியில்லை என்றார்.

"நல்லா ஓடுறது குத்தமா சார்?"

"நாளைக்கு ஓடட்டும்மா. இன்னிக்கு ஓடக் கூடாது."

வெயிலில் வந்திருக்கீங்க, டீ குடிங்க என்று அவரை உள்ளே உட்கார வைத்தாள். அவர் இரண்டு பிஸ்கட் தின்று முடிப்பதற்குள், மிஷினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அப்படியே காரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

வசந்தன் மிஷின் கயிற்றை ஏழு தடவை இழுத்தார். ஓர் உறுமல்கூட இல்லை. அருமை என்று மீதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

காருக்குப் போனால், பின் டயர் தரையோடு படுத்துக் கிடந்தது. பஞ்சாலை பம்பை எடுத்து வந்து காற்றடித்துக் கொடுத்து, ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டாள். இது எதிர்பாராத செலவு என்று முனகிக்கொண்டே அவர் போனார்.

அன்று சாயங்காலமே அவள் அடுத்த வருசத்துப் பாரத்தை நிரப்பினாள். வரவுப் பக்கத்தில், மார்ச் பதினாலு: அதிகாரி கார் டயர், ஐம்பது வெள்ளி.