ஆறு மில்லிமீட்டர் தகடும் என் கோபமும்

எனக்குக் கோபம் வந்தால் மூளை வெளிநடப்புச் செய்துவிடும். இதை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல வருடங்களாயின. ஒப்புக்கொள்ளும்போதும் கோபமாகத்தான் இருக்கிறது.

எம்.இ. கடைசி வருடம் என் புராஜெக்ட், அலுமினியக் கலவைத் தகடுகளை உருக்காமலே இணைக்கும் உராய்வு வெல்டிங். சுழலும் டூலை இரண்டு தகடுகளும் சேரும் இடத்தில் இறக்கினால், உரசும் சூட்டில் உலோகம் பிசைந்த மாவாக இளகும். டூலின் முனை அதைக் கலக்கிக்கொண்டே நகர, இரண்டும் ஒன்றாகிவிடும். முனை மட்டும் தகட்டின் கனத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டும். (செமினாரில் இதை நானே மூன்று முறை முழங்கியிருக்கிறேன்.)

கல்லூரி மெஷின் பழுது. விராலிமலையில் பட்டறை வைத்திருந்த சின்னையா அண்ணன்தான் டூலைக் கடைந்து தந்து, தன் மில்லிங் மெஷினையும் கொடுத்தார். தேர்வாளர் அங்கேயே வந்துவிட்டார். ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுவந்து விட்ட அக்காவும் நின்றாள்.

தகடுகளை இறுக்கிய சின்னையா அண்ணன் தயங்கினார். "முனை நீளமா இருக்கேங்க. அடியில இடிக்காதுங்களா?"

"ஒங்ககிட்டப் பாடம் கேக்க எனக்கு நேரமில்ல. எறக்குங்க!"

இறக்கினார். முதலில் அலுமினியம் வெண்ணெயாக விலகியது. அடுத்து பட்டறையே அலறியது. அடியிலிருந்த இரும்புப் பலகையில் முனை குத்தி ஒடிந்தது. ஒரு தகடு பிய்த்துக்கொண்டு பறந்து, தேர்வாளரின் டீ கிளாஸைத் தட்டிவிட்டது. டீ அவர் சட்டையில்.

"சொன்ன அளவுல ஒரு டூல் செய்யத் தெரியாதா?" என்று கத்தினேன்.

சின்னையா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, மேசையிலிருந்து என் டிராயிங்கை எடுத்து விரித்தார். அது எட்டு மில்லிமீட்டர் தகட்டுக்கு வரைந்தது. எட்டு கிடைக்காமல் ஆறு வாங்கிய நான் டிராயிங்கை மாற்றவில்லை. வரைந்தது, சரிபார்த்தது: இரண்டுக்கும் எதிரே என் கையெழுத்து.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திட்டித் தப்பித்திருப்பேன். படுபாவி மனுஷன், "இருங்க, வேற கடஞ்சு தாரேன்" என்றார்.

"மன்னிச்சுக்கங்க!" என்று கத்தினேன். மன்னிப்பையும் அதட்டித்தான் கேட்டேன். தேர்வாளர் இரண்டடி பின்வாங்கினார்.

புது முனை சரியாக வந்தது, நானும் பாஸானேன். ஆனால் அக்கா வாய் சும்மா இருக்குமா? பின்னாளில் என் மகளிடம் அத்தனையும் ஒப்பித்துவிட்டாள். போன வாரம் குழம்பில் உப்புக் கரிக்கிறதென்று நான் வீட்டையே இரண்டாக்கியபோது, என் மகள் நிதானமாகக் கேட்டாள்:

"வரஞ்சது யாரும்மா? சரிபாத்தது யாரு?"

சமைத்தது நான். ருசி பார்த்ததும் நான். இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.