கடனை அடைத்துவிட்டுப் பயந்தவர்

கடன் வாங்கிவிட்டுப் பயப்படுகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். கடைசித் தவணையைக் கட்டி முடித்த அன்று சாயங்காலத்திலிருந்து பயப்பட ஆரம்பித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தெரு அதை மறந்து நாளாயிற்று. எல்லாருக்கும் அவர் 'நோ டியூ அண்ணன்'.

அண்ணனிடம் ஒரு வேன் இருந்தது. கோயிலுக்கு வருகிறவர்களைச் சமயபுரம், வயலூர் என்று சுற்றிக் காட்டும் வேன். ஃபைனான்ஸில் கடன் போட்டுத்தான் வாங்கினார். கொரோனா வந்து கோயில் நடை சாத்தியதும் வேன் தெருவோரத்தில் நின்றது. தவணையும் நின்றது. பிறகு கம்பெனிக்காரர்களோடு பேசி, அவர்கள் சம்மதத்தோடு வேனை விற்று, மிச்சப் பாக்கியைச் சின்னச் சின்னத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார். இன்னொருவர் காருக்கு டிரைவராகப் போய் மாதம் தவறாமல் கட்டினார்.

அந்தக் காலம் முழுக்க, மாதம் பிறந்தால் போதும், காலை பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். "சார், வணக்கம். இந்த மாச டியூ ஞாபகம் இருக்குங்களா?" குரல் என்னவோ மிருதுவாகத்தான் இருக்கும். அண்ணன் அதைக் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

கட்டி முடித்தார். போன் நின்றது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"டீச்சர், மணி பத்தேகால் ஆச்சு. அந்தப் பொண்ணு கூப்பிடவே இல்லைங்க" என்று ஒரு லீவு நாளில் மாடிப்படியில் வந்து நின்றார்.

"கடனே இல்லையே அண்ணே, எதுக்குக் கூப்பிடப் போறா?"

"அதாங்க பயமா இருக்கு. கூப்பிட்டா என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். கூப்பிடாம இருந்தா என்ன பண்றாங்கன்னு எப்படித் தெரியும்?"

நான் பள்ளிக்கூட டீச்சர். பதில் தெரியாத கேள்விக்குக் குரலை உயர்த்திப் பழகியவள். "போய்க் காபியைக் குடிங்க" என்று அதட்டி அனுப்பினேன்.

அதற்கப்புறம் சட்டையை 'டக்' செய்து, தோளில் பை மாட்டிய யார் தெருவுக்குள் வந்தாலும் அண்ணன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் இருப்பார். கேஸ் அடுப்பு சரிபார்க்க வந்தவர், காப்பீடு விற்க வந்தவர் எல்லாரையும் தொட்டிக்குப் பின்னாலிருந்தே சந்தித்தார். ஒருநாள் சொந்த மச்சினனே கல்யாணப் பத்திரிகை வைக்க டக் செய்துகொண்டு வந்துவிட்டான். தாம்பூலத் தட்டோடு கீழே காத்திருந்த அவனுக்கு, "அவர் ஊர்ல இல்லைன்னு சொல்லுங்க டீச்சர்" என்று மேலிருந்து அண்ணனின் குரலே கேட்டது. மச்சினன் இரண்டு வருஷம் பேசவில்லை.

கம்பெனியிலிருந்து 'பாக்கி இல்லை' என்ற நோ டியூ சர்டிபிகேட் வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அண்ணன் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நோ டியூ கேட்க ஆரம்பித்திருந்தார். பால்காரர், பேப்பர்காரர் யாரையும் விடவில்லை. சலூனில் ஒரு பக்கக் கன்னம் மழித்ததும் எழுந்து, "இது வரைக்கும் ஆனதுக்கு ஒரு சீட்டு குடுத்துடுங்க" என்று கேட்டாராம். டீக்கடை மாஸ்டர் வடை மடிக்கிற பேப்பரில் இப்படி எழுதிக் கொடுத்தார்: 'இவர் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. நாளைக்கு வராமல் இருந்தால் போதும்.' அதையும் அண்ணன் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அசல் சர்டிபிகேட் வந்த அன்று வீட்டில் தீபாவளி. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையானாலும் கிரயப் பத்திரமானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைப்போமே, அதே மாதிரி அண்ணனும் தாராளமாகத் தடவினார். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் காலடியில் வைத்து வாங்கினார். அதே சூட்டில் பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போய், கெட்டியான பிளாஸ்டிக்கில் லேமினேஷன் செய்து, ஹாலில் மாட்டிவிட்டார். "இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது டீச்சர்!" அன்று ஒருநாள்தான் அவர் பயமில்லாமல் தூங்கினார் என்று அவர் மனைவி சொன்னார்.

அடுத்த வருஷம் அவர் பெண் சுதாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்குப் போன இடத்தில், அப்பாவின் பழைய கடன் கணக்கையெல்லாம் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார் பேங்க் அதிகாரி. வேன் கடன் இன்னும் பாக்கி என்று அதில் இருந்தது. கடைசித் தவணை கட்டியதை, ரிப்போர்ட் தயாரிக்கிறவர்களுக்குக் கம்பெனி தெரிவிக்கவே இல்லை. அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்து, ஆணியிலிருந்து சர்டிபிகேட்டைக் கழற்றி, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு பேங்குக்கு ஓடினார்.

அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "லோன் நம்பர் எங்க சார்?"

"மேல் மூலைல சார்."

"மேல் மூலைல மஞ்சள்தான் இருக்கு."

"பெருமாள் மஞ்சள் சார் அது" என்றார் அண்ணன், சிபாரிசு பண்ணுகிற தோரணையில்.

நம்பரின் பாதி மஞ்சளுக்குள் போயிருந்தது, மீதி குங்குமத்துக்குள். 'அசலைப் பார்த்தேன்' என்று முத்திரை குத்தலாம் என்றால், குத்திய மை பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் அதிகாரியின் கட்டைவிரலோடு வந்துவிட்டது. "ரிப்போர்ட் மாற ஒரு மாசம் ஆகும் சார். இப்போதைக்குக் கம்பெனில புதுசா லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதை வெச்சு மேல அனுப்பறேன்" என்றார். காலேஜில் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று செவ்வாய்.

அன்று மாலை நான் மேலே போனபோது சுதா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பரவால்லப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நான் எங்கயாவது வேலைக்குப் போறேன்." அண்ணன் சுவரில் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் பயத்தை வைத்து ஊரெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்று அந்தப் பயம் எனக்கும் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுக அவர் இறங்குவதற்குக் காரணம் தேடிக்கொண்டே வந்தார். பாலக்கரை வந்ததும், "லேமினேஷனைப் பிரிக்க முடியுமான்னு கேட்டுப் பாத்துருவோமே" என்றார். இறங்கிக் கேட்டோம். "பிரிக்கலாங்க, பேப்பர் ரெண்டா வரும்" என்றார் கடைக்காரர். மறுபடி பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி, மன்னார்புரத்தில் கம்பெனி வாசலில் இறங்கினோம். ஆபீஸ் முதல் மாடியில். அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க போய்க் கேளுங்க டீச்சர். நான் இங்க செருப்பைப் பாத்துக்கறேன்."

"செருப்பு என் கால்லதான் இருக்கு. ஏறுங்க அண்ணே."

மேலே போய் உட்கார்ந்தோம். தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், வணக்கம். இந்த மாச டியூ ஞாபகம் இருக்குங்களா?" யாரிடமோ போனில் பேசுகிறாள். அண்ணன் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. எதிரில் வந்து நின்றது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சுதாவை விட நாலைந்து வயசு கூடுதலான ஒரு ஒல்லிப் பெண்.

"அம்மா, நான் வந்து... வேன் லோனு..."

அவள் முகம் மலர்ந்தது. "ஸ்ரீரங்கம் சார்தானே? குரலை வெச்சே தெரியுதே!"

அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவளே என்னிடம் சொன்னாள். "மத்தவங்க போனை எடுத்ததும் எங்கம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டுவாங்க மேடம். சார் ஒருத்தர்தான் 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேப்பாரு. கேக்கறப்ப குரல் நடுங்கும். ஆனாலும் கேப்பாரு."

விஷயத்தைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். கட்டிய பணம் வந்திருக்கிறது, கணக்கை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். மேனேஜரிடம் போய் நின்று, பேசி, சண்டை போட்டு, கணக்கை முடிக்க வைத்து, ரிப்போர்ட்டைத் திருத்தச் சொல்லி அனுப்ப வைத்து, முத்திரையோடு புது லெட்டர் கொண்டுவந்தாள். அதுவரை அண்ணன் நின்றுகொண்டேதான் இருந்தார். "சார், இதுக்குப் பொட்டு மட்டும் வெச்சுடாதீங்க" என்று சிரித்தபடி கொடுத்தாள்.

வியாழக்கிழமை பேங்கில் லெட்டரை வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னார்கள். ஒரு பக்கத்தை மட்டும் அண்ணன் எழுதாமல் தள்ளினார். "இது காலியா இருக்கே சார். தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரும் போன் நம்பரும் எழுதணும்" என்றார் அதிகாரி.

"அது வேணாங்க."

"ஏன் சார்?"

"நாளைக்கு எம்பொண்ணு ஒரு மாசம் கட்ட முடியாமப் போனா அவங்களைக் கூப்பிடுவீங்க. என்னால இன்னொருத்தங்க போனைப் பாத்துப் பயப்படக் கூடாதுங்க."

அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி என் பெயரையும் நம்பரையும் எழுதினேன். "டீச்சர், டீச்சர்" என்று பதறிக்கொண்டே இருந்தார். அவர் பதறப் பதற எழுதி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் காலேஜுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. சுதா இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கட்ட வேண்டிய காலம் வர இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எனக்கு ஒரு நொடி திக்கென்கிறது. அந்த நல்ல மனிதரின் பயத்தில் ஒரு பங்கு எனக்கும் கிடைத்ததில், சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு ரொம்பச் சந்தோஷம்.