ஹம்மிங்பேர்டைத் தேன்சிட்டாக்கிய கதை

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்ற திமிர்தான் என் மகளின் தமிழைக் கெடுத்தது. இதை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பத்து வருடம் ஆனது.

அனுவுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு நகரத்தின் ஒனிஹங்கா பகுதியில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துக் குழந்தைகளுக்குத் தமிழ்ப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, பிடித்த உயிரினம். வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, தானாகவே தமிழில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்தாள். எங்கோ வெயில் கொளுத்தும் ஒரு குட்டித் தீவில் மட்டுமே இருக்கிற ஒரு ஹம்மிங்பேர்ட் பற்றி.

"அது ரொம்ப சின்னது. அந்தத் தீவுல மட்டும்தான் இருக்கு. அது போச்சுனா வேற இல்ல. எனக்கு பாவமா இருக்கு."

அதோடு விட்டிருக்கலாம். (விடுகிற ஆளா நான்?) அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று பக்கம் எழுதினேன். "வெப்பமண்டலத் தீவொன்றின் விலைமதிப்பற்ற வண்ண மாணிக்கமே" என்று ஆரம்பம். ஹம்மிங்பேர்ட் என்பது என் தமிழுக்கு இழுக்கு என்று எல்லா இடத்திலும் 'தேன்சிட்டு' என்று மாற்றினேன்.

"அப்பா, தேன்சிட்டுன்னா சன்பேர்ட். அது வேற பறவை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நடுவருக்கு அதெல்லாம் தெரியாது. நீ மனப்பாடம் பண்ணு."

நடுவருக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். அனு ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து முடித்ததும் அன்பாகக் கேட்டார்: "பிள்ளை, தேன்சிட்டு எங்கட வீட்டுச் செவ்வரத்தம் பூவிலயும் வந்து தேன் குடிக்கும். நீங்கள் அந்தத் தீவில மட்டும்தான் எண்டு சொல்லுறீங்களே?"

அனு என்னைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் நான் எழுந்து நின்றேன்.

"மேடம், இலக்கியத்துல அப்படிச் சொல்றது உண்டு." (கிடையாது. எந்த இலக்கியத்திலும் கிடையாது.)

என் மனைவி கவிதா சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. சிட்டு என்ற சொல் எப்படி வந்தது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"ஐயா, நான் பிள்ளையிட்டத்தான் கேட்டனான்," என்றார் அந்த அம்மா.

ஹால் முழுக்கச் சிரித்தது. மைக் முன்னால் அனு சொன்னாள்: "நான் சொன்னேன். அப்பா கேக்கல." அன்று அவள் சொந்தமாகப் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

பாட்டனி டவுன்ஸில் இருக்கிற எங்கள் வீடு வரைக்கும் காரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அதுவும் ஆங்கிலத்தில். "நான் எழுதின பேப்பர் எங்கே?" அது முந்தின வாரமே குப்பை லாரியில் போயிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து தமிழ் வகுப்புக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

இப்போது யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். ஊரிலிருந்து அவள் அத்தை வீடியோ காலில் வந்து, "அனு, தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று கெஞ்சினால், போனை என் பக்கம் திருப்பிவிட்டு, "எனக்காக அப்பா பேசுவாங்க" என்கிறாள். கவிதா விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அத்தையும் சிரிக்கிறாள்.

நானும் சிரிக்கிறேன். பிறகு அவளுக்காக நலம் விசாரிக்கிறேன்.