டிரம் இல்லாத வீடு

என் வாழ்க்கையில் ஒரே ஒரு வீட்டை விற்றுக் கொடுத்திருக்கிறேன். அது என் வீடு இல்லை, பக்கத்து வீடு. என் வீட்டை விற்கப் போய்த்தான் அந்தச் சாதனையைச் செய்தேன்.

அப்போது எனக்கு நாற்பது வயது. போர்ட் பிளேரில் அரசு அலுவலக வேலை, புரோத்ராபூரில் சொந்த வீடு. என் மனைவி செல்விக்கு சிப்பிகாட்டில் ஒரு துண்டு நிலத்தின் மேல் கண். வாழை எங்கே, செம்பருத்தி எங்கே என்று மனதுக்குள் நட்டே முடித்திருந்தாள். மாதக் கடைசி வரை பொறுப்பதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் எங்கள் வீடு விற்றாக வேண்டும்.

புரோக்கர் ஒருவரைப் பிடித்தேன். (உண்மையில் அவர்தான் என்னைப் பிடித்தார்.) பெயர் கோபால். காலையில் ஆட்டோ ஓட்டுவார், மாலையில் வீடு விற்பார். மெயின்லேண்டில் வீட்டை எப்படி ஜோடித்து விற்கிறார்கள் என்று மொபைலில் நிறைய வீடியோ பார்த்திருந்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியவர், பக்கவாட்டில் வரிசையாக நின்ற எங்கள் பதினோரு நீல டிரம்களைக் கண்டு முகம் சுளித்தார்.

"அண்ணா, இதெல்லாம் ஹட்டாவோ, மொதல்ல எடுத்துடுங்க. டிரம்மப் பாத்தா பார்ட்டி தண்ணி பிராப்ளம்னு நெனச்சிடுவாரு."

குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், டிரம்மை மறைத்தால் தண்ணீர்க் கஷ்டமும் மறைந்துவிடும் என்று நம்பியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. செல்வி நம்பவில்லை. "வர்றவரு என்ன லண்டன்லேருந்தா வர்றாரு?" என்று கேட்டாள். (அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.)

சனிக்கிழமை, டிரம்களில் இருந்த தண்ணீரையெல்லாம் கீழே கொட்டிவிட்டு, ஒவ்வொன்றாக உருட்டிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே மண்டல் தாதா தனியாக இருந்தார் (தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன், ரவுடி இல்லை). தங்கமான வங்காளி மனிதர், தமிழில் வணக்கம்கூட வராது. அன்று சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தபோது, பாவம் என்று என் பதினோரு டிரம்களையும் விளிம்பு வரை நிரப்பி வைத்தார். நானோ ஒரு குடம்கூடப் பிடிக்காமல் வீட்டுக்குள் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கோபாலுடன் அந்தோணி வந்தார். வண்டூரில் சொந்தப் படகு வைத்திருப்பவர், பூர்வீகம் தூத்துக்குடிக் கடற்கரை. அறைகளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். சமையலறைக் குழாயைத் திறந்தார். காற்று வந்தது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தண்ணி எதுல புடிச்சு வைக்கிறிய?"

கோபால் முந்திக்கொண்டார். "டென்ஷன் மத் லோ அண்ணா, கவலையே படாதீங்க. இந்த வீட்டுக்கு டிரம்மே வேணாம்."

"டிரம்மே வேணாம்னா, தண்ணியே வராதோ?"

அந்த நேரம் பார்த்து, டீ போடத் தண்ணீர் இல்லாத செல்வி, தாதா வீட்டிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள். அந்தோணியின் கண் குடம் வந்த வழியே போனது. வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு டிரம், தளும்பத் தளும்ப.

"அதுல்லா வீடு," என்றார்.

"அதெல்லாம் எங்க டிரம்முங்க," என்று உளறினேன்.

"உங்க டிரம்னா அங்க ஏன் கெடக்கு?"

கோபால் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். எனக்கு மானமே போய்விட்டது. அந்தோணி என் தோளைத் தட்டி, "வெக்கப்படாதீய அண்ணாச்சி, தண்ணிக் கஷ்டம் எனக்கும் தெரியும்," என்று ஆறுதல் சொல்லிவிட்டு, வேலியோரம் போய் தாதாவிடம் வீட்டை விற்பாரா என்று இந்தியில் விசாரித்தார். கொல்கத்தாவில் இருக்கும் மகனிடம் போய்விடலாமா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்த தாதாவுக்கு, வீடு தேடி ஆள் வந்த மாதிரி ஆகிவிட்டது.

பத்தே நாளில் எல்லாம் முடிந்தது. கோபால் எனக்கு ஒரு டப்பா மிட்டாய் கொடுத்து, "உங்களாலதான் அண்ணா," என்றார். சிப்பிகாட் நிலம் வேறு யாருக்கோ போனது. செல்வி திட்டவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவே இல்லை, அதற்குத் திட்டே தேவலை.

அந்தோணி குடிவந்த அன்று டிரம்களை எடுக்கப் போனேன். விஷயம் புரிந்ததும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். பத்து டிரம்மை அவரே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார், மேலே ஒரு பெரிய சூரை மீனும் வைத்தார். பதினோராவதைப் பாதியாக வெட்டி, மண் நிரப்பிச் செல்வியிடம் கொடுத்தார். அவள் அதில் செம்பருத்தி நட்டாள். பிறகு வேலியையும் எடுத்துவிட்டோம். இப்போது இரண்டு முற்றத்திலும் அவள் தோட்டம்தான். சிப்பிகாட் போயிருந்தால் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்போமா என்று எனக்குச் சந்தேகம்.

போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் கிடந்த கிழிந்த குடையை எங்கே ஒளிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"எதையும் ஒளிக்காதீங்க," என்றாள் செல்வி. "அப்புறம் மாப்பிள்ள பக்கத்து வீட்டுக்குப் போயிடுவாரு."

பக்கத்து முற்றத்திலிருந்து அந்தோணி குரல் கொடுத்தார். "வந்தா வரட்டும் மதினி. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குல்லா."

குடையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.