வன்னியபெருமாளின் நான்காவது மனு

மூன்றாவது மனுவும் வந்துவிட்டது என்று மானிய ஆபீஸ் அனுசியா மேடம் போனில் சொன்னபோது, சிவப்பிரகாஷ் மில்லர்புரம் டீக்கடையில் அப்போதுதான் வடையைக் கடித்திருந்தான். அதை மெல்லக்கூட மறந்துபோனான்.

"அதே ஆளா மேடம்?"

"அதே ஆள்தான். வேம்பார் வன்னியபெருமாள். 'உப்பு மில் சத்தம் தாங்க முடியவில்லை, உடனே நேரில் வந்து பார்க்கவும்.' கையெழுத்து முத்து முத்தா இருக்கு. மில்காரரையும் கூட்டிட்டு அவர் வீட்டுக்கே போங்க. பேசி முடிச்சு, வாபஸ் எழுதி வாங்கிட்டு வாங்க."

சிவப்பிரகாஷின் பிழைப்பு இதுதான். சின்னக் கம்பெனிக்காரர்கள் அரசாங்க மானியம் கேட்டால், எங்களால் காற்றுக்கும் தண்ணீருக்கும் அக்கம்பக்கத்தார் காதுக்கும் கேடில்லை என்று காகிதம் தயார் பண்ணிக் கொடுப்பான். உப்பு அரவை மில் மாசானம் அண்ணாச்சி வந்தபோது, லேசான வேலை என்றுதான் நினைத்தான். மில்லில் இருந்த மிசினுக்கு வயசாகிவிட்டது. மானியத்தில் புதுசு வந்தால் மில் பிழைக்கும். இல்லையென்றால் மார்ச் முடிந்ததும் பூட்டுதான். மூட்டை தைக்கிற பன்னிரண்டு பெண்களும் வேறு வேலை தேட வேண்டும். மனு ஒன்று நிலுவையில் இருக்கிறவரை ஃபைல் ஒரு இஞ்சு நகராது.

இத்தனைக்கும், ஆட்சேபனை இல்லை என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டதே வன்னியபெருமாள்தான். மில்லுக்கு அடுத்த வீடு அவருடையது. ஒரு காலத்தில் இவரும் மாசானமும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆறு வருஷத்துக்கு முன் உப்பு உற்பத்தியாளர் சங்கத் தேர்தலில் வன்னியபெருமாள் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த ஓட்டு மாசானத்துடையது. அன்றோடு பேச்சு நின்றது. அந்த வீட்டுக்கு வரவே மாட்டேன் என்ற மாசானத்தைக் கையெழுத்துக்காகக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப் போனவன் சிவப்பிரகாஷ். டீ வந்தது, காராச்சேவு வந்தது. வன்னியபெருமாள் காகிதத்தை வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் முதல் மனு வந்தது.

மறுபடி மாசானத்தோடு அந்த வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு, மிசினுக்கு அடியில் கனத்த ரப்பரைக் கொடுத்தான் சிவப்பிரகாஷ். தரை அதிர்வது அப்படியே அடங்கிப் போயிற்று. ஒரே வாரத்தில் இரண்டாவது மனு. மறுபடி இருவரும் அதே வீடு, அதே டீ. சரி, சத்தம் மேலே வருகிறது போல என்று, நடுவில் இருந்த இடுப்பளவுச் சுவருக்கு மேல் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்து மறைத்தான். நாலே நாளில் இதோ மூன்றாவது. சத்தம் குறையக் குறைய மனு வேகமாக வந்தது. படித்த படிப்பில் இதற்கு ஒரு பாடமும் கிடையாது.

இந்தத் தடவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று போனான். வன்னியபெருமாள் வழக்கம்போல மாசானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசானம் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இப்ப சத்தம் எப்படி இருக்கு?"

"காராச்சேவு எடுத்துக்கோங்க."

"வாபஸ் எழுதித் தாரீங்களா?"

"மாசானம் ரொம்ப மெலிஞ்சுட்டான்."

கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் வைதான் சிவப்பிரகாஷ். கடைசியில் வாபஸ் காகிதத்தை நீட்டியதும் மனுஷர் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் கடைசி வாரத்தில் மிசின் உடைந்தது. ஐந்து நாள் மில் பூட்டிக் கிடந்தது. நான்காவது மனு வந்தது. தேதியைப் பார்த்ததும் சிவப்பிரகாஷ் குதிக்காத குறை. மில் பூட்டிக் கிடந்த மூன்றாம் நாள் எழுதிய மனு அது. சத்தம் தாங்க முடியவில்லையாம்! மில் ஓடவில்லை என்பதற்குச் சாட்சியாகக் கரண்டு மீட்டரைப் போட்டோ எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். இன்றைக்கு ஆள் மாட்டிக்கொண்டார் என்று மாசானத்தை அவர் வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது. விடியற்காலையில் வன்னியபெருமாள் போய்விட்டாராம். நெஞ்சுவலி.

மனு போட்டவரே இல்லை, இனி ஃபைல் நகர்ந்துவிடும் என்றுதான் சிவப்பிரகாஷுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடியே தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. மாசானம் வண்டியிலிருந்து இறங்கியவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போய், தலைமாட்டில் உட்கார்ந்தார். 'ஏலே' என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். அவ்வளவுதான். அந்த வீட்டில் ஆறு வருஷத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சிவப்பிரகாஷால் அங்கே நிற்க முடியவில்லை. சுவரோரமாக இருந்த செல்லத்தாயிடம் போனான். வன்னியபெருமாளின் மனைவி. துட்டி கேட்கப் போனவன், துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் உளறினான்.

"மன்னிச்சிருங்கம்மா. கடைசி நேரத்துல அந்தச் சத்தத்தால அண்ணாச்சிக்கு நிம்மதி இல்லாமப் போச்சு."

செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன சத்தம்? அவுகளுக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காதுய்யா, மூணு வருசமாச்சு. வெளிய சொல்லப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. மில்லு ஓடுனா கட்டில் அதிரும். 'மாசானம் வந்துட்டான், நல்லாருக்கான்'னு சொல்லுவாக. ரப்பர் வச்ச பொறவு அது நின்னு போச்சு. சுவத்துக்கு மேல மாசானம் அண்ணாச்சி தல தெரியும். தகரம் அடிச்ச பொறவு அதுவும் இல்ல. தவிச்சுப் போயிட்டாக."

"அப்ப மனு எதுக்கும்மா போட்டாங்க?"

உள்ளே மாசானம் வன்னியபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லத்தாய் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மனு போட்டாத்தானய்யா மாசானம் அண்ணாச்சி எங்க வீட்டுக்கு வாராக."